ஒரு தாள் குறைந்த கல்வெட்டு

1

கோதுமை வேகும் மணம். அதற்குள் கறுவா, வறுத்த எள். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே மூக்கில் ஏறிவிட்டது. கீழ்வீட்டுக் குசினியிலிருந்து பலகை இடுக்குகளால் மேலே வந்து, எங்கள் வீட்டுக்குள் போக்கிடம் தெரியாமல் நின்றது. எள் வறுபட்டால் மற்றவர்களுக்குப் பலகாரம் ஞாபகம் வருமாக்கும். எனக்கு இறந்தவர்கள்தான் வருகிறார்கள்.

பங்குனி பிறந்தும் மொன்றியலில் பனி போக மனமில்லாமல் தெருவோரம் கறுத்துக் கிடக்கிறது. நானும் யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டிருக்கிறேன். எனக்கு வேலை பின்னேரம்தான், டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில். காலை முழுக்கக் கால்களுக்கு ஒரு அலுவலும் இல்லை. ஆனாலும் அவை நிற்பதில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவை நிற்கவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி சுகிர்தா. "கிழவர் அடிப்பிடிக்க விடப்போறார். போய் ஒருக்காப் பாத்துக்கொண்டு வாங்கோ. உப்பிடி நடந்து நிலத்தைத் தேய்க்கிறதுக்கு அதெண்டாலும் பிரயோசனம்."

கிழவர் எங்கள் வீட்டுக்காரர். பெயர் ஸ்தாவ்ரோ, கிரேக்கர். இந்த பார்க் எக்ஸ் முழுக்க ஒரு காலம் கிரேக்கர்களின் இடம். இப்போது நாங்கள். மூலைக் கடையில் ஒலிவ்காய் வாளிக்குப் பக்கத்தில் முருங்கைக்காய் கட்டுக்கட்டாய் நிற்கிறது. கீழே அவர், மேலே நாங்கள். போன மாதம் அவருடைய மனைவி கல்லியோப்பி இறந்துபோனாள்.

நான் இறங்கிப் போனபோது சட்டைக் கையை மடித்துவிட்டுப் பானைக்கு முன்னால் நின்றார்.

"வாரும் கவிஞரே, ருசி பாரும்."

அவர் பேசுவது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். என் காது அதை யாழ்ப்பாணத் தமிழாக்கித்தான் வைத்துக்கொள்ளும். அப்படியே தருகிறேன்.

இறந்தவருக்கு நாற்பதாம் நாள் கோதுமை அவித்து, சீனியும் எள்ளும் மாதுளைமுத்தும் கலந்து கோயிலில் எல்லாருக்கும் கொடுப்பது அவர்கள் வழக்கம். கோலிவா என்பார்கள். நாற்பதாம் நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

"இப்பவே அவிக்கிறியள்?"

"ஒத்திகை," என்றார். "ஒத்திகை இல்லாமல் நான் ஒண்டையும் மேடையேத்தினதில்லை."

2

ஸ்தாவ்ரோ இசையமைப்பாளர். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். அவர்களுக்கு அவர் பனி வழுக்காமல் படிக்கட்டில் உப்புத் தூவும் வீட்டுக்காரர்.

வடகிரேக்கத்துத் துறைமுகப் பட்டினம் ஒன்றில், புகையிலைக் கிட்டங்கித் தொழிலாளரைச் சேர்த்து ஒரு பாடகர் குழு வைத்திருந்தார். இலை தரம்பிரிக்கும் பெண்கள் கைவேலை நிற்காமல் பாடக்கூடிய மெட்டுகள். இருமலுக்கு இடம்விட்டு மெட்டுப் போட்டேன் என்பார். கல்லியோப்பி அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்ற ஒருத்தி. பாட்டுகள் கிட்டங்கியை விட்டு வெளியே வந்தன. வேலைநிறுத்தங்களில் பாடினார்கள், துறைமுகத்தில் பாடினார்கள். பிறகு இராணுவக் கேணல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். அவருடைய பாட்டுகளைப் பாடக்கூடாது, வாசிக்கக்கூடாது, சீட்டியடிக்கவும் கூடாது.

"சீட்டிக்குக்கூடப் பயந்தாங்கள். எனக்குக் கிடைச்ச ஆக நல்ல விமர்சனம் அதுதான்."

அவரைத் தண்ணீரில்லாத ஒரு தீவுக்கு ஏற்றினார்கள். எழுதத் தாள் கிடையாது. ஆனால் ஒரேயொரு தாள் மட்டும் அடிக்கடி அவரைத் தேடி வரும். அதிகாரி கொண்டுவருவான். எல்லாம் முன்கூட்டியே அச்சடித்திருக்கும். நான் வழிதவறிப் போனேன், என் கொள்கையை வெறுத்து ஒதுக்குகிறேன், என் பாட்டுகளுக்காக வெட்கப்படுகிறேன். கீழே பெயர் எழுத ஒரு கோடு. எழுதினால் அடுத்த கப்பலில் வீடு.

அவர் எழுதவில்லை. கடைசியில் நெஞ்சு வருத்தம் முற்றி, இங்கே செத்தால் தங்களுக்குத்தான் பெயர் கெடும் என்று அவர்களே இறக்கிவிட்டார்கள். கல்லியோப்பியின் தமையன் மொன்றியலில் இருந்தான். சின்ன மகளோடு மூன்று பேருமாக வந்து சேர்ந்தார்கள். அவள் தையல் தொழிற்சாலைக்குப் போனாள். இவர் மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். கேணல்கள் விழுந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. கல்லியோப்பி மாட்டேன் என்றுவிட்டாள். "அந்தக் கடலை இனிப் பாக்கமாட்டன்," என்றாளாம்.

இப்போது அவள் இல்லை. வீட்டை விற்றுவிட்டார். நாற்பது முடிந்ததும் போகிறார், ஒரேயடியாக.

நான் இதைக் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒன்று குதித்து எழும்பும். எங்கள் ஊரிலும் பாதை திறந்திருக்கிறது. சமாதான காலம். சனமெல்லாம் போய், வீட்டைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வருகிறது. நான் கடவுச்சீட்டை எடுத்துப் பார்க்கிறேன், வைக்கிறேன். நடக்கிறேன்.

3

கோதுமையை மென்றுகொண்டிருக்கும்போது அவர் கேட்டார்.

"உம்முடைய அம்மாவுக்கு ஒரு புத்தகம் அடிச்சீரே. அதில ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாட்டு இருந்ததே. கல்லியோப்பிக்கும் அப்பிடி ஒண்டு எழுதித் தாரும்."

அவர் கேட்டது கல்வெட்டு. மற்ற நாட்டுத் தமிழ் வாசகருக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். முன்னட்டையில் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, அதன் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மகன் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல். ஒவ்வொருவர் பெயரிலும் ஒவ்வொரு பாட்டு. எல்லாவற்றையும் எழுதுபவர் ஒருவரே. யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் எனக்கு அதுதான் வேலையாக இருந்தது. குண்டுவீச்சுக்கும் செல்லடிக்கும் நடுவில் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்: ஆறு பிள்ளைகள், மூத்தது ஜேர்மனியில், கடைசிக்குக் கலியாணம் ஆகவில்லை. அவ்வளவு போதும். நான் ஆறு பேராகவும் அழுதுவிடுவேன்.

"எழுதலாம்," என்றேன். "ஆர் ஆருக்கு?"

"எனக்கு. பிறகு அன்னாவுக்கு."

அன்னா அவருடைய ஒரே மகள். என் வயதுக்காரி. லவாலில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். கிழமைக்கொருமுறை தாயைப் பார்க்க வருவாள். தகப்பன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வருவாள். மரணவீட்டில் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள், இந்தப் பக்கம் வராமலே போய்விட்டாள்.

ஸ்தாவ்ரோ கரண்டியை வைத்தார்.

"நாற்பதுக்கு அவள் வந்து எனக்குப் பக்கத்தில நிக்கவேணும். வேற ஒண்டும் வேண்டாம். வராட்டியும் நான் போவன். ஆனால் அந்தப் போக்கு வேற போக்கு."

4

எழுதுவது கஷ்டமாக இருக்கவில்லை. அதுதான் இப்போது யோசிக்கும்போது உறுத்துகிறது. மெத்ரோவில் இரண்டு பயணத்தில் முடிந்துவிட்டது. கணவன் புலம்பலில் கிட்டங்கியும் பாட்டும் தீவும். மகள் புலம்பலில் இப்படி:

கப்பலேறிக் கடல்கடந்து தந்தைமுகம் காட்டி
ஒப்பரிய வீரனென ஊட்டி வளர்த்தாயே
எப்பிறப்பில் காண்பேன் அம்மா இனி.

ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தமிழ், கீழே அவர்கள் வாசிக்கப் பிரெஞ்சாக வர வேண்டும். பிரெஞ்சுக்கு என் மகள் நிவேதாதான் துணை. வயது பதினைந்து. தமிழைக் கேட்டு விளங்குவாள், பதிலைப் பெரும்பாலும் பிரெஞ்சில் தருவாள். அன்றைக்கு நல்ல மனநிலை, தமிழிலேயே கதைத்தாள்.

"அப்பா, 'ஒப்பரிய' எண்டா என்ன?"

"இணை இல்லாத."

"அவ அப்பிடிச் சொன்னவாவா?"

"ஆர்?"

"அவற்ற மகள்."

"கல்வெட்டில அவையவை சொல்லுறேல்லைப் பிள்ளை. நாங்கள்தான் சொல்லிக் குடுக்கிறது."

"பிஸார்," என்றாள். விசித்திரம் என்பதற்கு அவளுடைய பள்ளிக்கூடச் சொல். குனிந்து மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டாள். சுகிர்தா மட்டும் குசினிக்குள்ளிருந்து, "உவருக்கு நாளைக்குக் கல்வெட்டு எழுத ஆர் இருக்கினமோ," என்று என்னைப் பற்றிப் பானைக்குச் சொன்னாள்.

இங்குள்ள தமிழ் அச்சகம் ஒன்றில் அடித்துக் கொண்டுவந்தபோது அட்டையில் கல்லியோப்பியின் இரு பக்கத்திலும் குத்துவிளக்கு எரிந்தது. அச்சகத்து அண்ணையிடம் கேட்டேன். "கல்வெட்டெண்டா விளக்குத் தன்பாட்டில வந்திடும் தம்பி, கொம்பியூட்டர்ல அப்பிடித்தான் கிடக்கு," என்றார். கிழவருக்குப் பிடித்துப்போயிற்று. விளக்கைத் தடவிப் பார்த்தார். தன் பாட்டையும் மகளின் பாட்டையும் பிரெஞ்சில் வாசித்தார். கண் கலங்கியது. அன்றைக்கே ஒரு பிரதியை உறையிலிட்டு லவாலுக்கு அனுப்பினார்.

5

நாற்பதாம் நாள் பூசை ஞாயிறு. சனிக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. அன்னா. கீழ்வீட்டு மணியை விட்டு எங்கள் மணியை அடித்திருந்தாள். சப்பாத்துப் பனியோடு படியேறி வந்து வாசலில் நின்றாள். கையில் கல்வெட்டு.

"இதை எழுதினது நீங்களா?"

"ஓம்."

"இதில கதைக்கிறது ஆர்? நானா?"

அவளுடைய பிரெஞ்சு வேகம். நிவேதா எனக்குப் பக்கத்தில் வந்து நின்று சொல்லிக்கொண்டு வந்தாள், வரவரக் குரல் இறங்க.

"என்ர அம்மா எனக்கு ஒண்டையும் ஊட்டேல்லை. வீரன் எண்ட சொல் எங்கட வீட்டில இருந்ததே இல்லை. ஒவ்வொரு கோடையும் என்னைக் கப்பலில தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனது அவருக்கு முகம் காட்ட இல்லை. 'பேரை வைச்சுவிடுங்கோ, பிள்ளைக்காக வைச்சுவிடுங்கோ' எண்டு கேக்க. நான் பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தன். அவர் தலையை ஆட்டுவார். நாங்கள் திரும்பி வருவம்."

எனக்குச் சொல்ல இருந்ததைச் சொன்னேன். எங்கள் ஊரில் இது வழக்கம். அழுகிறவர்களுக்குச் சொல் தேட நேரமில்லை, நாங்கள் தேடிக் கொடுப்போம். வாசித்துவிட்டு, 'நான் நினைச்சதை அப்பிடியே எழுதிப்போட்டியள்' என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அழுதார்கள்.

அன்னா கேட்டு முடியும்வரை பொறுத்திருந்தாள்.

"எழுத முதல் அவையைக் கேக்கிறேல்லையா?"

"இல்லை."

"அவரையும் ஒருத்தரும் கேக்கேல்லை. அச்சடிச்ச தாளைக் கொண்டுவந்து, கீழ பேரை வை எண்டவங்கள். அவர் வைக்கேல்லை. இன்னொருத்தன்ர சொல்லுக்குத் தன்ர பேரைக் குடுக்கமாட்டாராம். அதுக்காக எனக்கு அப்பா இல்லாமல் போனார். இப்ப பாருங்கோ." விரலை வைத்துக் காட்டினாள். மகள் புலம்பல், அன்னா, லவால். "என்ர பேரை ஆர் வைச்சது?"

படியில் பலகை கிறீச்சிட்டது. கீழ்க்கதவைத் திறந்துகொண்டு ஸ்தாவ்ரோ கைபிடியைப் பிடித்தபடி பாதிப் படியில் நின்றார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்களெண்டால் வைச்சிருப்பியளா?"

நிவேதா மொழிபெயர்த்துவிட்டு அவளும் என்னைப் பார்த்தாள்.

"வைச்சனான்," என்றேன்.

அகதிக் கோரிக்கைக்கு டவுன்டவுனில் ஒரு அலுவலகத்தில் என் கதையை வேறொருவர் எழுதினார். நான் சொன்னதைத்தான் எழுதினார், ஆனால் என் சொற்களில் இல்லை. அந்தத் தாளில் நான் எங்கெங்கோ விம்மி அழுதிருந்தேன். நான் வேலைசெய்த அச்சகம் எரிந்ததைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரவில்லை, கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கால் ஆடியதை அவர் எழுதவில்லை. 'அழுதால்தான் விளங்கும் அண்ணை' என்றார். ஒவ்வொரு பக்கத்திலும் பெயரை வைத்தேன். அந்தப் பெயரில்தான் சுகிர்தா வந்தாள், நிவேதா இங்கே பிறந்தாள். நான் வைக்காமல் விட்டிருந்தால்?

இதையெல்லாம் தமிழில் சொன்னேன். நிவேதாவுக்கு இந்தக் கதை புதிது. சொல்லித் தடுமாறி, சொல்லித் தடுமாறி, பிரெஞ்சில் அன்னாவுக்குக் கொடுத்தாள்.

அன்னா முதல்முறையாக வாசற்படியிலிருந்து ஒரு அடி உள்ளே வந்தாள்.

"சப்பாத்தைக் கழட்டட்டாம் எண்டு சொல்லு பிள்ளை," என்றாள் சுகிர்தா. "தேத்தண்ணி வைக்கிறன்."

6

கிழவர் கீழே போய்க் கல்வெட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது. எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஒன்றை எடுத்து விரித்து, மகள் புலம்பல் இருந்த தாளைப் பிடித்து இழுத்தார். நூல் தைத்த இடத்தில் மெல்லிய பல்வரிசை விட்டுக் கிழிந்தது. மடித்து வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

நான் தடுத்தேன். "ஐயா, அந்தத் தாளின்ர மற்றப் பக்கத்தில உங்கட பாட்டெல்லோ இருக்கு. கணவன் புலம்பல். இதைக் கிழிச்சால் அதுவும் போகும்."

திருப்பிப் பார்த்தார்.

"போகட்டும். நல்ல பாட்டு. நான் சொன்ன பாட்டில்லை."

நானும் இருந்து கிழிக்கத் தொடங்கினேன். நிவேதாவும் வந்தாள். சுகிர்தா தேத்தண்ணியை வைத்துவிட்டு, "காசு குடுத்து அடிச்சுப்போட்டு இருந்து கிழிக்கிற சனத்தை இப்பத்தான் பாக்கிறன்," என்றாள். அன்னா நின்றுகொண்டே பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்து, தகப்பனுக்கு எதிரே இருந்தாள். ஒன்றை எடுத்தாள். அவள் கிழித்தது சுத்தமாக, வெட்டினதுபோல வந்தது. மருந்துக்கடைக் கை.

கட்டுப் பாதியானபோது, தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அப்ப நீங்கள் என்னத்தைச் சொல்லுவியள்?"

அவர் கிரேக்கத்தில் தொடங்கினார். எங்களைப் பார்த்தார். நிறுத்தி, ஆங்கிலம் கலக்காத பிரெஞ்சுக்கு மாறினார். சாட்சி வேண்டும் என்று நினைத்தாரோ தெரியாது.

"கடைசி முறை வந்தபோது உனக்குக் காய்ச்சல். கப்பலில சத்தி எடுத்து, உடுப்பு நனைஞ்சு, அம்மாவின்ர தோளில கிடந்தாய். அதிகாரி தாளை மேசையில வைச்சு, பேனையைத் திறந்து குடுத்தான். நான் உன்னைப் பாத்தன். பாத்துப்போட்டும் வைக்கேல்லை. பயத்தில இல்லை. நல்லாத் தெரிஞ்சுதான் வைக்கேல்லை. இண்டைக்குக் கொண்டுவந்தாலும் வைக்கமாட்டன். அம்மா கேட்டதும் நியாயம். இதை நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லேல்லை."

நிவேதா அதைத் துண்டு துண்டாக எனக்குத் தமிழில் சொன்னாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள் அன்னா. "நீங்கள் பாத்தது."

மிச்சத்தையும் கிழித்து முடித்தார்கள். தேத்தண்ணி ஆறிப்போயிற்று. அவள் ஆறினதையே குடித்துவிட்டுப் போனாள். நாளைக்கு வருவேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஞாயிறு கோயிலுக்கு வந்தாள். தகப்பனுக்குப் பக்கத்தில், நடுவில் இன்னொரு ஆள் நிற்கக்கூடிய இடம் விட்டு நின்றாள். கோதுமை பதமாக வெந்திருந்தது. கிரேக்கக் கிழவிகள் கல்வெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குத்துவிளக்கைக் கண்டு சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள் ஒருத்தி. நடுவில் கிழிந்த தாளின் ஓரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

திரும்பி நடந்து வரும்போது நிவேதா சொன்னாள்: "அப்பா, உங்களுக்கு அடிக்கேக்க என்னட்டக் கேட்டிட்டு எழுதச் சொல்லுங்கோ."

"நீயே எழுதன்."

"எனக்குத் தமிழ் எழுத வராதே."

"வாற பாஷையில எழுது."

"அப்ப ஆர் வாசிக்கிறது?"

பதிலுக்குக் காத்திராமல் வோக்மனைக் காதில் மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

7

வாங்கினவர் வீட்டைத் திருத்தப்போகிறாராம். நாங்கள் கோடைக்குள் வீட்டை விட்டு எழும்பவேண்டும். வில்லரேயில் ஒரு இடம் பார்த்திருக்கிறோம். சுகிர்தா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். எனக்கு ஏனோ கால் இன்னும் கூடுதலாக ஓடுகிறது. ஒருவர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது அவரோடு இருந்தவர்களின் தரையும் கொஞ்சம் அசைகிறதுபோல. கடவுச்சீட்டு மேசையில் கிடக்கிறது. லாச்சியை இழுத்து உள்ளே வைக்கவில்லை, பையிலும் வைக்கவில்லை.

டோர்வல் விமானநிலையத்துக்கு அன்னாதான் கார் ஓடினாள். பெட்டி தூக்க நான் போனேன். முன்சீட்டில் அவர்கள் இருவரும், பின்னால் நான். பெட்டியை ஒப்படைத்து, வரிசை முடிந்து, இதற்கு அப்பால் பயணிகள் மட்டும் என்ற கண்ணாடிக் கதவடிக்கு வந்தோம்.

ஸ்தாவ்ரோ என் கையைப் பிடித்தார். "கவிஞரே, நீரும் ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வாரும். நடந்து நடந்து என்ர தரையை முடிச்சுப்போட்டீர்."

பிறகு மகளிடம் திரும்பினார். கையை நீட்டவில்லை. நீட்டினால் அவள் என்ன செய்வாளோ என்று தெரியாத ஒருவரின் கை, கோட்டுப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டாள். கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்தாள். கிரேக்கத்தில் சொல்லியிருக்கலாம். பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள், அதனால் எனக்கும் விளங்கியது.

"நான் உங்களை இன்னும் மன்னிக்கேல்லை, அப்பா. இறங்கின உடன போன் எடுங்கோ."